இறந்த நாளின் ரேட்

2016 மார்ச் எட்டாம் தேதி மலேசிய ரிங்கிட் ஒன்று எத்தனை ரூபாய்க்குப் போனது? ரேணுகாம்பாளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவள் புருஷன் திருமலை ஜொகூரில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து செத்த நாள் அது.

ஒன்பது வருஷம் இழுத்த வழக்கு முடிந்து எழுபதாயிரம் ரிங்கிட் நஷ்டஈடு வந்திருந்தது. வந்தது அவள் கைக்கு இல்லை, ஏஜென்ட் இளவரசனின் கணக்குக்கு. திருமலையை மலேசியாவுக்கு அனுப்பியதும், சாவுச் சேதியோடு அடி அண்ணாமலைக்கு வந்து நின்றதும், வழக்கு நடத்த அவளிடம் பவர் எழுதி வாங்கியதும் எல்லாம் அவன்தான். அப்போதே ஒரு ஒப்பந்தமும் போட்டிருந்தான்.

"ரெண்டு வருஷம் முன்ன பத்தொம்போது ரூபா இருந்தது, இப்ப பதினாறுக்கு வந்துடுச்சு. பணம் வர்றதுக்குள்ள இன்னும் இறங்கும். செத்த அன்னிக்கி ரேட்டையே எழுதிப் போட்டுடலாம்மா. உனக்குத்தான் சேஃப்டி."

ரிங்கிட் இறங்கவில்லை. இன்றைக்கு இருபது ரூபாய் எண்பது காசு. ஏறியதெல்லாம் இளவரசனுக்கு, பழைய ரேட் மட்டும் அவளுக்கு. அதிலும் குறைத்துச் சொல்லி ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் மகள் கவியாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். கிரிவலப் பாதையில் டிபன் கடை போட்டு வளர்த்த பெண், இந்த வருஷம் நர்சிங்கில் சேர்ந்திருந்தாள். ஃபீஸ் பாதி பாக்கி.

மலேசியாவிலிருந்து வந்து இத்தனை வருஷம் யாரும் படிக்காமல் கிடந்த இறப்புச் சான்றிதழைக் கவியா பார்த்து, போனில் தேதியைப் போட்டுத் தேடினாள். "பதினேழு ரூபாம்மா."

"பதினாறு சொச்சம்னு இல்ல சொன்னாரு? எந்தத் தேதி போட்ட?"

"மார்ச் முப்பத்தொண்ணு."

"எட்டாந்தேதிடி. அது காகிதம் எழுதின தேதியா இருக்கும்."

"எழுதினது ஏப்ரல் ரெண்டு, கீழ தனியா இருக்கு. இறந்த தேதி முப்பத்தொண்ணுதாம்மா."

ரேணுகாம்பாள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். எழுத்து மலாய், எண்ணை யாரும் படிக்கலாம். ஏப்ரலில் பெட்டி வந்து திறந்தபோது திருமலையின் முகத்தில் தாடி மண்டியிருந்தது. செத்த பிறகும் வளரும் என்று யாரோ சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

மறுநாள் காலை இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் இருந்த இளவரசனின் ஆபீசுக்குப் போனார்கள். சான்றிதழை மேஜைமேல் வைத்து, "இன்னாண்ணா இது?" என்றாள்.

அவன் மழுப்பவில்லை. ஒன்பது வருஷமாகிவிட்ட விஷயம் என்கிற அலுப்புதான் முகத்தில் தெரிந்தது.

"விழுந்ததும் ஐ.சி.யூ.ல வெச்சாங்க. இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொன்னாரு. உன்ன எதுக்கு ரெண்டு தபா அழ வெக்கணும்னு ஒரேயடியா சொல்லிட்டேன். அவுரு பாத்தா இருவத்து மூணு நாளு இருந்துட்டாரு."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிம்மா சொல்றது? நீங்கதான் காரியமே பண்ணிட்டீங்களே. சொன்னா வந்து பாக்கணும்னு நிப்ப. டிக்கெட் யார் போடறது?"

உடல் வர நாளாகும் என்று இளவரசன் சொன்னதால் அதற்குக் காத்திராமல் செய்த பதினாறாம் நாள் காரியம் பங்குனிப் பௌர்ணமியில் வந்தது. வாசலுக்கு வெளியே கிரிவலக் கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு போக, உள்ளே பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து வளையலை உடைத்தார்கள், தாலியை அறுத்துப் பாலில் போட்டார்கள். அன்றைக்குத் திருமலைக்கு உயிர் இருந்தது. அதற்குப் பிறகும் எட்டு நாள் இருந்தது.

"பேசினாரா?" என்றாள்.

"மொத வாரம் நல்லாத்தான் பேசினாரு. உனக்கு போன் போட்டுக் குடுன்னு அங்க இருந்த நம்ம ஆளுகிட்ட ஒரே தொந்தரவு. லைன் கெடைக்கலன்னு சொல்லச் சொல்லியிருந்தேன்." கால்குலேட்டரை இழுத்துக்கொண்டான். "சரி, உனக்கு நஷ்டம் வேணாம். எட்டாந்தேதி ரேட்டு பதினாறு நாப்பது. முப்பத்தொண்ணுன்னே வெச்சுக்குவோம், பதினேழு. நாப்பத்திரெண்டாயிரம் ஜாஸ்தி வருது பாரு. அவுரு அவ்ளோ நாள் இருந்ததுல உனக்கு லாபந்தான்."

கவியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "வாம்மா போலாம். போலீஸ்ல சொல்லுவோம்."

"தாராளமா சொல்லு. கேஸ் முடியற வரைக்கும் பணத்துல கைவெக்க முடியாது, அவ்ளோதான்" என்றான் இளவரசன். டைப் அடித்த காகிதம் ஒன்றை ரேணுகாம்பாள் பக்கம் நகர்த்தினான். கணவர் இறந்த தேதியும் விவரமும் தனக்கு முழுதாகத் தெரியும், இது பற்றி இனி எங்கும் புகார் செய்யமாட்டேன் என்று அதில் இருந்தது.

அவள் இரண்டு தடவை படித்தாள். அந்த இருபத்து மூன்று நாளில் ஒருநாள்கூட அவள் போன் அணைந்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்க எத்தனையோ பேர் அதில் கூப்பிட்டார்கள். ஃபீஸ் கட்டத் திங்கட்கிழமை கடைசி நாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினொரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்குச் செக் கிடைத்தது. படி இறங்கும்போது கவியா அவள் கையை உதறினாள்.

"படிச்சுப் பாத்துத்தானே போட்ட?"

"படிச்சேன்" என்றாள் ரேணுகாம்பாள்.

பஸ்சில் கவியா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.