பச்சை ஒன்பது, மரூன் நாலு

செந்தில்நாதன் மைசூரு பன்னிமண்டபத்தில் ஒரு பெயிண்ட் கடையில் இருபத்தெட்டு வருடமாகக் கலர் கலக்குகிறார். டின்டிங் மெஷின் வந்த பிறகும் அவரை வீட்டுக்கு அனுப்ப முதலாளிக்கு மனம் வரவில்லை. மெஷின் கலக்கித் தந்ததை அட்டையில் தடவி, காயவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் டப்பாவை மூடுவார். வருகிறவரிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ரூம்ல என்ன பல்பு?" விளக்கு மாறினால் கலர் மாறும். பதில் சொல்லாதவருக்கு டப்பா கிடையாது.

அவர் மகள் தமிழ்ப்ரியா எதையாவது கேட்பாள். கேட்ட வாய் மூடுவதற்குள் "வேண்டாம்ப்பா, பரவால்ல" என்பாள். சைக்கிள் அப்படிப் போயிற்று. ஊட்டி டூரும் அப்படித்தான் போயிற்று. கிரணோடு கல்யாணம் நிச்சயமானபோது ஒன்றே ஒன்று கேட்டாள். ரிசப்ஷனில் பெண் பேரில் ஒரு காக்டெய்ல், மாப்பிள்ளை பேரில் ஒன்று. ஆபீஸ் சிநேகிதிகள் கல்யாணத்தில் எல்லாம் வைத்தார்களாம். பெங்களூரிலிருந்து வந்த, காக்டெய்ல் கலக்கும் பார்க்காரர் ஒரு தொகை சொன்னார். அதில் ஒரு மாடி வீட்டுக்கு உள்ளும் வெளியும் பெயிண்ட் அடித்துவிடலாம்.

"வேண்டாம்ப்பா, பரவால்ல. ஜூஸ் வச்சுக்கலாம்," என்றாள் ப்ரியா.

"கலக்கறதுதானே? நான் கலக்கறேன்," என்றார் செந்தில்நாதன்.

மனைவி ராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நீங்க பீர் பாட்டிலக்கூடத் தொட்டதில்ல."

"பெயிண்டையுந்தான் குடிச்சதில்ல. கலக்கலையா?"

வேலை நிறத்திலிருந்து தொடங்கியது. ப்ரியாவின் கொள்ளேகால் பட்டிலிருந்து ஜாக்கெட் தைத்து மிஞ்சிய பச்சைத் துண்டு ஒன்று, கிரணின் ஷெர்வானி தைத்த டெய்லரிடம் வாங்கிய மரூன் துண்டு ஒன்று. இரண்டையும் அட்டையில் குத்திக்கொண்டார். பச்சைக்கு விலை குறைந்த ஜின்தான் பேஸ். அதில் மைசூர் வெற்றிலையை அரைத்து வடித்த சாறு, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு. மரூனுக்கு ரம். ரம்மே பாதி மரூன் என்பதால் செலவு மிச்சம். மீதி நிறத்துக்குப் பக்கத்து வீட்டுச் செம்பருத்தி போதும். அது காசில்லாமல் வேலிக்கு இந்தப் பக்கமே பூத்தது. எல்லாவற்றையும் ஊசி கழற்றிய சிரிஞ்சில் அளந்து, ஒவ்வொரு கலவைக்கும் ஒரு நம்பர் போட்டு நோட்டில் எழுதினார்.

ருசி பார்க்க, இருபது வருடமாகக் கடைக்கு வரும் பெயிண்டர் தொட்டையனை ஞாயிற்றுக்கிழமை அழைத்தார். தொட்டையன் பச்சை மூன்றை வாங்கி, அட்டையில் கொஞ்சம் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தான்.

"வழியுதண்ணா. இன்னும் கெட்டியா வேணும்."

"இது குடிக்கிறதுக்கு, தொட்டையா."

"மொதல்லயே சொல்லக்கூடாதா." குடித்தான். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கோட்ல தெரியாது."

நான்கு கோட் அடித்துவிட்டுத் திண்டில் சாய்ந்து தூங்கிப்போனான். செந்தில்நாதன் ஒவ்வொரு கலவையையும் தடவிய அட்டைகளைச் சுவரில் வரிசையாக ஒட்டினார். காலையில் எறும்புகள் பச்சை ஐந்தை விட்டுவிட்டுப் பச்சை ஏழுக்குப் போயிருந்தன. ஏழில் பாகு அதிகம் என்று குறித்துக்கொண்டார். ஒன்பதில் எறும்பும் அளவாக இருந்தது, நிறமும் பட்டோடு ஒட்டியது. பச்சை ஒன்பது, மரூன் நாலு என்று முடிவாயிற்று.

ரிசப்ஷன் ரிங் ரோட்டில் ஒரு புல்வெளியில் நடந்தது. மதுவுக்கு ஒருநாள் அனுமதி வாங்கியிருந்தார்கள். மேஜையில் இரண்டு வரிசையாகக் கிளாஸ்கள் நின்றன. ஆறரை மணிக்கு டெக்கரேஷன்காரர்கள் விளக்கைப் போட்டார்கள். எல்லாம் ஊதா. பச்சை ஒன்பது கறுப்பாகிவிட்டது. மரூன் நாலும் கறுப்பாகிவிட்டது.

கிரணின் மாமா ஒரு கிளாஸைத் தூக்கி முகர்ந்தார். "இது கஷாயமா?"

அவர் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்து மற்றவர்களும் ஜூஸ் பக்கம் நகர்ந்தார்கள். மேடையிலிருந்து ப்ரியா அப்பாவைப் பார்த்துக் கையை லேசாக அசைத்தாள். பரவால்லப்பா என்பதுதான் அது. சைக்கிள் நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த அசைவு. இருபத்தெட்டு வருடம் ஊரையே கேட்ட கேள்வியைச் செந்தில்நாதன் இந்த ஒரு இடத்தில் கேட்காமல் விட்டிருந்தார்.

அந்த இடம் முழுக்கத் தேடியதில் வெள்ளை விளக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு ட்யூப்லைட்.

"பிடி தொட்டையா," என்றார். இருவரும் மேஜையைத் தூக்கிக்கொண்டு விருந்தாளிகளுக்கு நடுவே நடந்தார்கள். ஒரு கிளாஸும் சிந்தவில்லை. இரண்டு பேருக்கும் பெயிண்ட் தூக்கிப் பழகிய கை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சித்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இங்க எதுக்குங்க மேஜை? சேறாயிருக்கு."

"லைட் நல்லாருக்கும்மா."

"என்னமோ பண்ணுங்க," என்று அண்டாவைக் காலால் தள்ளி இடம் விட்டாள்.

மேஜை எங்கே போகிறது என்று பார்க்க நாலு பேர் பின்னால் வந்தார்கள். அவர்களைப் பார்த்து நாற்பது பேர். ட்யூப்லைட்டில் பச்சை பச்சையாக நின்றது, மரூன் மரூனாக நின்றது. கஷாயம் என்ற மாமா அண்டாக்களுக்கு நடுவில் நின்றபடி இரண்டாவது கோட் கேட்டார். மேடைக்கு முன்னால் ஆளே இல்லாததால் போட்டோக்காரரும் வந்துவிட்டார். கடைசியில் பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ப்ரியா வந்தாள்.

ஒரு பச்சைக் கிளாஸை எடுத்து முந்தானையோடு ஒட்டி வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அரை ஷேட் தூக்கல்ப்பா."

"ஐஸ் கரைஞ்சா சரியாயிடும்."

அவள் ஐஸ் கரையக் காத்திருக்கவில்லை. காலிக் கிளாஸை அவர் முன் நீட்டினாள். "இன்னொண்ணு வேணும்ப்பா."

செந்தில்நாதன் சிரிஞ்சை எடுத்தார். ஜின் வேணுமா வேண்டாமா என்று கேட்க வாயெடுத்தவர், பழக்கத்தில் வேண்டாம் என்று சொல்லித் தொலைத்துவிடுவாளோ என்று பயந்து, ஒன்றும் கேட்காமல் பேஸை ஊற்றினார்.