எதிர்வரிசையில் உட்கார்ந்த ஆளுங்கட்சிக்காரர்

காலை ஏழேகாலுக்கு ஓரெஸ்டின் மனைவி ஸ்தெஃபா கூப்பிட்டாள். வானொலியில் கனோலா எண்ணெய்வித்தின் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சோல்வே அதை அணைக்காமலே தொலைபேசியை எடுத்தாள்.

"ஓரெஸ்ட் போயிட்டார், சோல்வே. விடிகாலையில, தூக்கத்துலயே."

சோல்வே வானொலியை அணைத்தாள். ஸ்தெஃபா தொடர்ந்தாள்: "வெள்ளிக்கிழமை அடக்கம். நீ படகுலதான் வரணும். பாலத்தைச் சுத்தி வந்தேன்னா மனுஷன் எழுந்து உட்கார்ந்து திட்டுவார்."

சோல்வேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

ஓரெஸ்ட் பிரிஸ்டூபாவை அவள் முதன்முதலில் பார்த்தது சட்டமன்றத்தில், தன் பக்கத்து நாற்காலியில். அது நடந்திருக்கவே கூடாத விஷயம். அவள் எதிர்க்கட்சி, அவர் ஆளுங்கட்சி. ஆனால் அந்தத் தேர்தலில் அவர் கட்சி வாரிச் சுருட்டிக்கொண்டு வந்ததில் வலப்பக்க வரிசைகள் நிரம்பி வழிந்தன. இடம் கிடைக்காத புதுமுகங்களை இடப்பக்கம், எதிர்க்கட்சிக்காரர்கள் நடுவே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். கோதுமையும் கனோலாவும் விதைத்துக்கொண்டிருந்த ஓரெஸ்ட் அவர்களில் ஒருவர்.

"உங்க ஆளுங்களே உங்களைத் தள்ளி வெச்சுட்டாங்களா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"உளவு பார்க்க அனுப்பியிருக்காங்க. ரகசியம் ஏதாவது இருந்தா மெதுவா சொல்லுங்க, எழுதிக்கணும்."

முதல் கூட்டத்தொடரிலேயே அந்த மானக்கேடு நடந்தது. பதிவு வாக்கெடுப்பில் தீர்மானத்தை ஆதரிக்கும் உறுப்பினர்கள் வரிசைப்படி ஒவ்வொருவராக எழுந்து நிற்க வேண்டும். எழுத்தர் பெயரைப் படித்ததும் உட்கார வேண்டும். எதிர்க்கட்சியின் தீர்மானம் அது. சோல்வே எழுந்தாள், உட்கார்ந்தாள். பக்கத்தில் ஏதோ படித்துக்கொண்டிருந்த ஓரெஸ்ட், தன் முறை வந்துவிட்டதென்று அவரும் எழுந்து நின்றுவிட்டார். எழுத்தர் பெயரையும் படித்துவிட்டார். மன்றமே மேசையைத் தட்டிச் சிரித்தது. சபாநாயகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உறுப்பினர் தம் வாக்கைத் திருத்திக்கொள்ள விரும்புகிறாரா?" என்றார். காது மடல் சிவக்க அவர் திருத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து எதிர்க்கட்சி எழும்போதெல்லாம் சோல்வே அவருடைய கோட்டு நுனியைக் கையில் பிடித்துக்கொள்வாள். "உட்காரு ஓரெஸ்ட், இது எங்க முறை" என்பாள். "தெரியும்மா, தாயே" என்பார் அவர். அது வழக்கமாகவே ஆகிப்போனது.

மூன்றாம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அவர் ஊர்ப் படகு போயிற்று; அதற்கான பணத்தை அரசு வெட்டிவிட்டது.

அவர் தொகுதியின் நடுவே சஸ்காட்சுவான் ஆறு ஓடுகிறது. பாலம் வெகுதூரம் தள்ளி இருந்ததால், இரும்புவடத்தைப் பிடித்துக்கொண்டு வண்டிகளைச் சுமந்து கடக்கும் படகு ஒன்றுதான் இரண்டு கரைக்கும் அன்றாடத் தொடர்பு. கடை, மாதாகோயில், கல்லறைத் தோட்டம் எல்லாம் இந்தக் கரையில். பாதிக் குடும்பங்கள் அந்தக் கரையில். தேர்தலின்போது படகின் மேல்தளத்தில் நின்றுதான் ஓரெஸ்ட் ஓட்டுக் கேட்டார். "நான் உள்ளே இருக்கிறவரைக்கும் இது ஓடும்" என்று சொல்லியிருந்தார். வேறு எந்த வாக்குறுதியும் கொடுத்ததில்லை.

வாக்கெடுப்புக்கு முன்பு ஆளுங்கட்சிக் கொறடா ரீமர் அவரை உணவு விடுதியில் பிடித்தார். சோல்வே அடுத்த மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, முரண்டு பிடிக்கிறியாமே? உன் ஒரு ஓட்டு இல்லேன்னா ஆட்சி கவுந்துடுமா? எங்களுக்கு அது தேவையே இல்லை."

"தேவையில்லேன்னா என்கிட்டயே குடுத்துடுங்க" என்றார் ஓரெஸ்ட். "எங்க ஊருக்குத் தேவைப்படுது."

"எதிர்த்து நின்னேன்னா கட்சியில இருக்க மாட்டே."

"சரி. அந்த வெண்ணெயை இப்படித் தள்ளுங்க."

படகைக் காப்பாற்ற எதிர்க்கட்சி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மணி அடித்தது. வரிசை எழத் தொடங்கியது. சோல்வே நின்று உட்கார்ந்ததும், பழக்கதோஷத்தில் அவள் கை அவர் கோட்டு நுனிக்குப் போயிற்று. அவர் எழ முயல்வதை உணர்ந்து அழுத்திப் பிடித்தாள். அவர் கட்சியை விட்டுப் போவதை அவளே விரும்பவில்லை. அங்கே இருந்த நல்லவர்களில் அவர் ஒருவர்.

"விடு, சோல்வே."

விட்டாள். அவர் நின்றார்.

சட்டென்று சிரிப்பு கிளம்பியது. எல்லோரும் அதே பழைய தவறு என்று நினைத்தார்கள். "ஓரெஸ்ட், தூங்கிட்டியா?" என்று வலப்பக்கத்திலிருந்து யாரோ கத்தினார்கள். சபாநாயகர் பரிவோடு அதே கேள்வியைக் கேட்டார்.

"இல்லை, சபாநாயகர் அவர்களே. இந்தத் தடவை சரியாத்தான் நிக்கிறேன்."

சிரிப்பு பாதியில் நின்றது.

திருத்தம் தோற்றது. அத்தனை பெரிய பெரும்பான்மைக்கு முன் ஒருவர் எழுந்ததில் கணக்கு மாறிவிடவில்லை. மறுநாள் அவரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். நீக்கப்பட்டவரை எதிர்வரிசைக்கு அனுப்புவது மரபு. இவருக்கு நாற்காலியை நகர்த்தும் வேலைகூட மிச்சம்.

அத்தோடு அடங்கிவிடுவார் என்று நினைத்தார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் சொந்த அரசுக்கு எதிராக மக்களின் மனுவை மன்றத்தில் படிக்க மாட்டார்கள். ஓரெஸ்டுக்கு இப்போது அந்தத் தடை இல்லை. மன்றம் கூடிய ஒவ்வொரு நாளும் எழுந்தார். "இரண்டு கரையும் சேர்ந்துதான் எங்கள் ஊர். படகை நிறுத்த வேண்டாம் என்று மன்றத்தைக் கேட்டுக்கொள்கிறோம்." தினமும் அதே வரிகள். வலப்பக்கத்தில் குறட்டை விட்டுக் காட்டினார்கள். படகின் ஊதலைப் போல 'பூம்' என்றார்கள். அவர் படித்து முடித்துத்தான் உட்காருவார்.

"சலிக்கலையா உனக்கு?" என்றாள் சோல்வே.

"அவங்களுக்குச் சலிக்கட்டும்."

ஒரு நாள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. எழுந்தார், குரல் வரவில்லை. கேலிக்காக ஆளுங்கட்சிப் பின்வரிசை உறுப்பினர் ஒருவர் அந்த மனுவை முழுக்க ஒப்பித்தார், ஒரு சொல் பிசகாமல். மேசைகள் தட்டப்பட்டன. படகுக்குப் பொறுப்பான நெடுஞ்சாலை அமைச்சரின் உதடுகளும் கூடவே அசைந்ததைச் சோல்வே பார்த்தாள்.

பனி உருகிய பிறகு அமைச்சர் அறிவித்தார்: ஆய்வு முடியும்வரை படகு ஓடும். அந்த ஆய்வு தொடங்கவே இல்லை.

அடுத்த தேர்தலில் ஓரெஸ்ட் சுயேச்சையாக நின்று தோற்றார். அக்கரை முழுக்க அவருக்கே போட்டது, இக்கரை போடவில்லை. "பாதி ஊர் நன்றி உள்ளது, போதும்" என்று பெரோகிக் கொழுக்கட்டையை விழுங்கிக்கொண்டே சொன்னார்.

வெள்ளிக்கிழமை சோல்வே பாலத்தைச் சுற்றாமல் அக்கரைச் சாலை வழியாகத்தான் வந்தாள். படகு எதிர்ப்புறம் நின்றிருந்தது. ஓட்டுநர் இவள் காரைப் பார்த்துவிட்டுத் தானாகவே கிளம்பி வந்தார்.

"மணி அடிச்சுக் கூப்பிடலாம்னு ஓரெஸ்ட் சொல்லியிருந்தாரே?" என்றாள்.

"ரெண்டு கரைக்கும் அவர்தாங்க மணி வாங்கி மாட்டினார். எங்க பக்கத்து மணிக்குக் கயிறும் கட்டிட்டார். இந்தப் பக்கம் கட்டறதுக்குள்ளதான் இப்படி..."

அவள் திரும்பிப் பார்த்தாள். கம்பத்தின் உச்சியில் மணி புதுசாக மின்னியது. அக்கரை மணிக்கு இன்னும் கயிறு கட்டவில்லை.