ஹாரனுக்குப் பதில்

போன வாரம் காலமான சுவாமிதாஸ், பஸ் ஓட்டிய காலத்தில் வழியில் எங்கும் டீ குடித்ததில்லை. வண்டி நின்றதும் பின்பக்கம் ஓடுவார்.

"இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க."

"இப்பத்தானய்யா ஏறுனோம். ஏத்துறதுக்கு ஒரு டிக்கெட்டு, இறக்குறதுக்கு ஒரு டிக்கெட்டா?"

சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். கடைசி ஆள் இறங்கும்வரை நகர மாட்டார்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். முதலாளி பொன்ராஜ் அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரி. வீரசோழனிலிருந்து திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டைக்கு ஓடிய அவருடைய பஸ், கூப்பன் தீர்ந்ததும் கொட்டகையில் நின்றுவிடும். அதனால் மதுரையிலிருந்து எஞ்சின் வேலை தெரிந்த ஒரு பிட்டரை வரவழைத்து, பஸ்ஸின் பின்னால் ஆளுயர இரும்பு டிரம் ஒன்றைப் பொருத்தினார். உள்ளே உடைமரக் கரி. அடியில் நெருப்பு. காற்றைக் குறைத்து எரித்தால் கரியிலிருந்து ஒரு வாயு வரும். அதைக் குழாய் வழியாக எஞ்சின் இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் வேண்டாம்.

"காட்டுல கிடக்கிற விறகுல ஓடுது பாரு என் பஸ்ஸு" என்று முதலாளி கடைவீதியில் சொல்லித் திரிந்தார்.

பிட்டர் ஊருக்குக் கிளம்பும்போது சுவாமிதாஸைத் தனியே கூப்பிட்டார்.

"ஓடுறப்ப எஞ்சின் உறிஞ்சிக்கிரும், பயமில்ல. நின்னா டிரம்மு வெளியே கக்கும். நிறுத்துனதும் ஆளை இறக்கிவிட்ரு."

"புகை வந்தாத் தெரியுமில்ல?"

"புகை தெரியும். இது தெரியாது. நிறமும் இல்ல, வாடையும் இல்ல. பாம்பு கடிச்சாக்கூட வலிக்கும். இதுல தூக்கம் வரும், அவ்வளவுதான்."

அன்று பிடித்த பயம். ஓடும்போது ஆபத்தில்லை என்று பிட்டர் சொல்லியும் சுவாமிதாஸுக்கு நம்பிக்கை வரவில்லை. போகப் போக ஹாரன் அடிப்பார். பின்னாலிருப்பவர்கள் "ஓய்" என்று பதில் கொடுக்க வேண்டும். பின்பெஞ்சுகள் பெண்களுக்கு. முன்னால் உட்கார்ந்த ஆண்கள் திரும்பிப் பார்க்காதபடி நடுவில் ஒரு காடாத் திரை. வீரசோழன் பெண்கள் அடுத்த ஆண் காதில் விழும்படி குரல் கொடுக்க மாட்டார்கள். அவர்கள் பலகையில் தட்டுவார்கள்.

ஐப்பசியில் அவருடைய மனைவி அற்புதமேரி முதல் பிரசவத்துக்கு அருப்புக்கோட்டைத் தாய்வீடு போகத் திருச்சுழியில் அதே பஸ்ஸில் ஏறினாள். நிறைமாதம். மடியில் பித்தளைத் தூக்குச்சட்டி. திரைக்குப் பின்னால் வீரசோழன் மைமூன் பீவியும் அவர் மருமகளும் இருந்தார்கள். ஹாரன் அடித்தார். அற்புதமேரி டங் டங் என்று சட்டியில் தட்டினாள்.

"அண்ணே, இன்னைக்குப் பதிலு மணியடிச்சாப்புல வருது" என்றார் கண்டக்டர் சோலைச்சாமி.

வருஷமெல்லாம் வராத மழை அன்று வந்தது. வழியில் ஓடை கரை தொட்டு ஓடியது. வண்டியை நிறுத்தினார். ஆண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வெள்ளம் பார்க்கப் போனார்கள். சுவாமிதாஸ் பின்னால் போய் இறங்கச் சொன்னார்.

"இத்தனை ஆம்பளைக முன்னால நனைஞ்சுக்கிட்டு எப்படிண்ணே நிக்கிறது?" என்றார் மைமூன் பீவி, திரைக்குள்ளிருந்து தணிந்த குரலில்.

சுவாமிதாஸ் கீழே பார்த்தார். கரிசல் சேறு. நிறைமாதக்காரி வழுக்கினால் என்ன ஆவது?

"சரி, உள்ளேயே இருங்க."

சாரல் உள்ளே அடித்தது. பஸ்ஸின் பக்கத்துப் படுதாக்களை இறக்கி, காற்றில் தூக்காதபடி அவரே இறுக்கி முடிச்சுப் போட்டார்.

எஞ்சின் நின்றிருந்தது. நெருப்பு நிற்கவில்லை.

கம்பை ஊன்றி ஓடையில் ஆழம் பார்த்தார். சக்கரம் சறுக்குமா, நடுவில் எஞ்சின் அணையுமா, அணைந்தால் அவளை எப்படித் தூக்கிக் கரை சேர்ப்பது. பயம் முழுவதும் தண்ணீரின் மேல் இருந்தது.

வெள்ளம் வடிந்தது. எல்லோரும் திரும்பினார்கள். சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

பதில் இல்லை.

மறுபடி அடித்தார்.

"தூங்கியிருப்பாகண்ணே" என்றார் சோலைச்சாமி.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் குதித்து ஓடினார். நனைந்த முடிச்சு அவிழவில்லை. அவரே போட்ட முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தார். படுதா கிழிந்தது. மூன்று பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். அற்புதமேரியின் உதடு வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருந்தது. அவள் வெற்றிலை போடுகிறவள் இல்லை.

தூக்கி வந்து மழையில் கிடத்தினார்கள். காடாத் திரையைப் பிய்த்து அவர்கள்மேல் போர்த்தினார். மருமகள் இருமினாள். மைமூன் பீவி வாந்தி எடுத்தார். அற்புதமேரி அசையவில்லை. சுவாமிதாஸ் அவள் பெயரைச் சொல்லிக் கன்னத்தில் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாகக் கண் திறந்தாள்.

"எதுக்கு என்னைச் சேத்துல போட்டுருக்கீக?"

"கோவம் வந்துருச்சு. உசிரும் வந்துருச்சு" என்று சோலைச்சாமி அழுதுகொண்டே சிரித்தார். சுவாமிதாஸும் சிரித்தார்.

படுதாவைச் சுருட்டிக் கட்டி ஓடையைத் தாண்டினார்கள். ஹாரன். டங் டங். ஹாரன். டங் டங். அருப்புக்கோட்டை நெருங்கியபோது, ஹாரன் அடிக்காமலே சட்டி வேகமாக ஒலித்தது. வேகத்தைக் குறைத்துத் திரும்பினார். அற்புதமேரியின் ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"இந்தாங்க, நான் தட்டுறேன். உள்ள இருந்து பதில் வரமாட்டேங்குது."

நல்ல காற்று பட்டால் தாயின் ரத்தம் சீக்கிரம் தெளிந்துவிடும். கருவின் ரத்தம் அந்த வாயுவை எளிதில் விடாது. இதை அப்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பின்னாளில் இஞ்சினியரிங் படித்த மகனுக்குத் தெரிந்தது. அவனும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பிறந்த பெண் குழந்தை அழவில்லை.

சுவாமிதாஸ் வேலையை விடவில்லை. வேறொருவன் ஓட்டினால் ஆட்களை இறக்கிவிடுவானா என்ற பயம். பஸ்ஸில் இரண்டு மூங்கில் கம்பு ஏற்றினார். நின்ற இடத்தில் கம்புகளை நட்டு, பெண்களுக்கு மறைப்பாகத் திரையை வெளியே கட்டுவார். மழையோ வெயிலோ மைமூன் பீவிதான் முதலில் இறங்குவார். இறங்கத் தயங்கும் பெண்களை, "அந்த அண்ணன் முகத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியுதா உனக்கு?" என்று அதட்டுவார். வீட்டிலும் சுவாமிதாஸ் கடைசிவரை ஜன்னலைச் சாத்தித் தூங்கியதில்லை.

சண்டை முடிந்தும் பெட்ரோல் தாராளமாக வரவில்லை. அற்புதமேரி மறுபடி நிறைமாதம்.

"மாட்டு வண்டியில போ."

"குலுங்கிக்கிட்டா? பஸ்ஸுலதான் வருவேன். நீங்க ஓட்டுங்க."

அன்று படுதா இல்லை, திரை இல்லை. வெயிலும் புழுதியும் உள்ளே அடித்தன. எதிரே ஆட்டுமந்தை வந்தது. ஹாரனை அமுக்க அவருக்குக் கை வரவில்லை. அடித்தால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். தலையை வெளியே நீட்டி, "ஏய், ஏய்" என்று கத்தி ஆடுகளை விலக்கினார்.

பின்னால் டங் டங் என்றது. அவர் கேட்காமலே.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. ஒரு கையால் சட்டியைத் தட்டினாள். மற்றக் கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

"அண்ணே, ரெண்டு தட்டு உங்க வீட்டம்மாவுதாம். மூணாவதா உள்ள இருந்து ஒரு தட்டு வருதாம், அது யாருதுன்னு கேக்கச் சொல்றாக" என்றார் சோலைச்சாமி.

சுவாமிதாஸ் சாலையைப் பார்த்தபடி, எஞ்சின் சத்தத்துக்குள் அந்தத் தட்டலை மட்டும் கேட்டுக்கொண்டு, அருப்புக்கோட்டைவரை ஓட்டினார்.