நாய்க்குக் கீழே ஒரு பெயர்

கோல்ஃப் பந்தயத்தில் தோற்பது எப்படி என்று சொல்லித்தர யாராவது ஒரு பல்கலைக்கழகம் திறந்தால், அதன் வாசலில் நிற்கப்போவது ஓடெல் மேப்ரியின் சிலைதான். வெண்கலச் சிலை, கையில் ஒரு டம்ளர் ஐஸ் டீயோடு. பூமியில் புல் முளைத்த நாள்முதலாக அவரைப்போலத் தோற்றவர் கிடையாது. ஸ்வீடனில் இருக்கும் ஒரு தாய் தன் மகனை அகஸ்டா போட்டிக்கு வழியனுப்பும்போது, மழை வேண்டாம், காற்று வேண்டாம் என்றெல்லாம் வேண்டிக்கொள்வதில்லை. ஜார்ஜியாவில் செப்டிக் டேங்க் லாரி ஓட்டும் அந்த மனுஷர் மட்டும் என் பிள்ளையை நினைத்துவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறாள்.

இதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஸ்வீடன் வரைக்கும் போய் விசாரிக்க வசதிப்படவில்லை. ஆனால் அவருடைய ஊரான டாப்ஸ் கிரீக்கில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். வெர்லினின் டயர் கடையில் விசாரித்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொல்வார்கள்.

வெர்லின், ஓடெலின் மனைவி ஃபேயின் தம்பி. ஒவ்வொரு ஏப்ரலிலும் அகஸ்டா போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், அவன் கடையில் ஆட்டக்காரர்களை ஏலம் போடுவார்கள். தாங்கள் ஏலம் போவது ஆட்டக்காரர்களுக்குத் தெரியாது. ஒருவரை ஏலத்தில் எடுத்தால் ஞாயிறு மாலை வரை அவர் உங்கள் ஆள். அவர் ஜெயித்தால் காபி டப்பாவில் சேர்ந்த பணம் உங்களுக்கு. பாதிரியார் ஹட்சல்கூட வருவார். அவர் பந்தயம் கட்டுவதில்லை. ஒரு ஆட்டக்காரரின் பெயரில் காணிக்கை செலுத்துவார். காணிக்கை பெருகித் திரும்பி வந்தால் ஆண்டவரின் சித்தம் என்று பாக்கெட்டில் வைத்துக்கொள்வார்.

பணம்கூடப் பெரிதில்லை. கடைச் சுவரில் ஒரு பழைய பியூக் காரின் வீல் கப் தொங்குகிறது. ஜெயித்தவர்களின் பெயரை அதில் வெள்ளைப் பெயின்டில் எழுதுவார்கள். வெர்லின் பெயர் இரண்டு தடவை இருக்கிறது. பாதிரியார் பெயர் இருக்கிறது. கடைசியாக வெர்லினின் நாய் பிஸ்கட்டின் பெயர் இருக்கிறது. வேடிக்கைக்காக நாயின் பெயரில் எடுத்த ஒரு தென்னாப்பிரிக்கப் பையன் கோப்பையும், ஜெயித்தவருக்கு மாட்டிவிடும் பச்சைக் கோட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஓடெல் பெயர் மட்டும் இல்லை. நாய்க்குக் கீழே ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் பாக்கி. அது நிரம்பியதும் பியூக்கைக் கழற்றிவிட்டு ஏதோ பிளாஸ்டிக் வீல் கப்பை மாட்டப்போவதாக வெர்லின் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஓடெல் எடுத்த ஆட்கள் தோற்ற விதமே தனி. ஒருவர் முதல் பந்தை அடிக்கப்போகும்போது தும்மினார், முதுகு பிடித்துக்கொண்டது. ஒருவர் ரசிகருக்குக் கைகொடுத்து விரலைச் சுளுக்கிக்கொண்டார். இன்னொருவரின் காதுக்குள் குளவி போயிற்று. ஆரம்பத்தில் ஊர் சிரித்தது. பிறகு பயந்தது. ஓடெல் கையைத் தூக்கினால் அந்த ஆட்டக்காரரை அப்புறம் யாரும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்குவதில்லை.

பயந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏலத்துக்கு முன்னால் ஓடெலுக்குச் சாப்பாடு போட்டார்கள். பாதிரியார் எடுக்க நினைத்திருக்கும் ஆள்மேல் கை வைக்காமலிருக்க, பாதிரியாரம்மா சுட்ட பீச் பழப் பை. வெர்லினுடைய ஆளைத் தொடாமலிருக்க, பொரித்த கெளுத்தி மீன். பன்றி விலா, சோள ரொட்டி, உப்புத் தண்ணீரில் வெந்த கடலை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஓடெல் நாணயமான மனிதர். தின்ற வீட்டு ஆளைத் தொடமாட்டார். கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு கிழட்டு ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு, வயிறு நிறைந்து வீட்டுக்குப் போவார். ஏப்ரலில் அந்த வாரம் ஃபேய் அடுப்பே பற்றவைப்பதில்லை.

அவர் இதில் சந்தோஷமாகத்தான் இருக்கிறார் என்று ஊர் நினைத்தது. போன வருடம் எல்லோரும் போனபிறகு, அவர் அந்த வீல் கப்புக்கு முன்னால் போய் நின்றதையும், பிஸ்கட்டின் பெயருக்குக் கீழே கட்டைவிரலை வைத்து இடம் போதுமா என்று அளந்து பார்த்ததையும் ஒரே ஒரு ஆள்தான் பார்த்தது. அது அவருடைய மகள் மார்லா.

இந்த வருடம் ஏலத்துக்கு முந்தின நாள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஓடெல் திருந்திவிட்டாராம். இனிப் பந்தயமே வேண்டாமென்று பாதிரியார் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டாராம். பாதிரியாரிடம் கேட்டவர்களுக்கு அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிப் புன்னகைத்தார். ஒரு ஆத்துமாவைத் திருப்பிய பெயர் சும்மா கிடைக்கும்போது விடுவானேன்.

அந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. சிலர் மார்லாவைச் சொல்கிறார்கள். பதினாறு வயதுப் பெண். பள்ளிக்கூடமும் அவளும் ஒருவருக்கொருவர் ஓய்வு கொடுத்திருந்த வாரம் அது. ஹெட்மாஸ்டரின் காருக்குள் வாத்து வந்தாலும் அவளைத்தான் சொல்வார்கள், அது ஊர் வழக்கம். உண்மையில் அவள் அடக்கமான, இரக்க குணமுள்ள, லட்சணமான பெண்.

புதன்கிழமை சாயங்காலம் ஓடெல் வழக்கம்போலச் சட்டைப் பையில் சொந்த முள்கரண்டியோடு டயர் கடைக்கு வந்தார். மத்தியானம் சாப்பிடாமல் வயிற்றில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். மேசையில் மீன் இல்லை. பை இல்லை. ஒரு பாக்கெட் உப்பு பிஸ்கட் பிரித்துக் கிடந்தது, அதையும் நாய் நக்கியிருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்கள். ஒருவர் தோளைத் தட்டி, பெருமையா இருக்கு என்றார். எதற்கு என்று ஓடெலுக்குப் புரியவில்லை. பசி மட்டும் புரிந்தது.

வெர்லின் சில்லறை ஆட்டக்காரர்களை முதலில் தள்ளிவிட்டு, பெரிய ஆளைக் கடைசிக்கு வைத்திருந்தான். கிரஹாம் ஸ்டாடர்ட். அந்த வருடம் அவன்தான் ஜெயிப்பான் என்று பத்திரிகை, டிவி, முடிவெட்டுகிறவர் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அவனுக்காகவே பலர் பணத்தை மிச்சம் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை வெர்லின் சொல்லி வாயை மூடவில்லை, ஒரு முள்கரண்டி மேலே எழுந்தது.

"பத்து டாலர்" என்றார் ஓடெல்.

காற்றடிக்கிற கம்ப்ரசர் மட்டும் ஓடியது. கையைப் பாதி தூக்கியிருந்த பாதிரியார், அதை அப்படியே கொண்டுபோய்க் காதைச் சொறிந்துகொண்டார்.

"மச்சான், நீ திருந்திட்டேன்னு சொன்னாங்களே" என்றான் வெர்லின்.

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே. சொல்லியிருந்தா மத்தியானம் சாப்பிட்டிருப்பேன்ல."

வெர்லின் கூட்டத்தைப் பார்த்துக் கெஞ்சினான். இருபது டாலர் யாராவது என்றான். பதினொன்று என்றான். ஓடெலின் கை பட்ட ஆளுக்கு மேலே காசு வைக்க ஒருவரும் தயாராக இல்லை. உலகத்தின் முதல்தர ஆட்டக்காரனை, ஒரு வண்டி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற காசுக்கு ஓடெல் மேப்ரி வாங்கினார். பசியிலும் கோபத்திலும் என்ன செய்தோம் என்பது வீட்டுக்குப் போய் இரண்டு முட்டை சாப்பிட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது.

வியாழக்கிழமை ஸ்டாடர்ட் முதலில் வந்தான். தும்மவில்லை. வெள்ளிக்கிழமையும் முதலில் வந்தான். குளவி எதுவும் கிட்டே வரவில்லை. சனிக்கிழமை இரவு ஓடெல் வீட்டு வாசலில் கெளுத்தி மீன் வந்து நின்றது. பின்னாலேயே வெர்லின் நின்றான். ஆளில் பாதியையாவது எனக்கு விற்றுவிடு என்று கேட்டான். ஓடெல் மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். விற்பதாகச் சொல்லி வாங்கவில்லையே.

ஞாயிறன்று அவர் டிவி முன்னால் உட்காரவில்லை. டயர் கடைக்குப் பின்னால், பழைய டயர் குவியலை ஒட்டித் தன் லாரியை நிறுத்தி அதற்குள் உட்கார்ந்துகொண்டார். அந்த லாரிக்குப் பக்கத்தில் யாரும் காரணமில்லாமல் வரமாட்டார்கள். மகரந்தம் விழுந்து கண்ணாடியெல்லாம் மஞ்சள். ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் கடையின் தகரச் சுவர். மார்லா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சேதி சொல்வதாக ஏற்பாடு.

"ஏம்பா நீங்களே வந்து பார்க்கக் கூடாது?" என்று கேட்டாள் அவள்.

"நான் பார்க்கிறதால ஒண்ணும் இல்லம்மா. நான் ஆசைப்படறேன் பாரு, அதுதான் அவனுங்கள முடிச்சுடுது. இன்னைக்கு ஆசைப்படாம இருக்கணும்னு பார்க்கிறேன்."

"முடியுதா?"

"இல்ல."

முடியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நிற்கிற லாரியை மலைமேல் ஏற்றுகிறவர்போல இருந்தார். பத்தாவது குழி வரை எல்லாம் சரியாகப் போயிற்று. பதினொன்றில் ஸ்டாடர்ட் சறுக்கினான். முன்னிலை நூலிழைக்கு வந்துவிட்டது. அடுத்தது பன்னிரண்டு. குறுக்கே ஓடை, அந்தப் பக்கம் துண்டுப் புல்தரை. ஜெயிக்கப் பிறந்தவர்கள் எத்தனையோ பேர் அந்த ஓடையில் பந்தை விட்டிருக்கிறார்கள்.

மார்லா உள்ளே போனாள். ஸ்டாடர்ட்டின் பந்து ஓடையைத் தாண்டி, குழிக்குப் பக்கத்தில் பூனைக்குட்டி மாதிரி போய் உட்கார்ந்தது. அவள் வெளியே வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த ஆசை ஒரு மாட்டையே கீழே தள்ளிவிடும், ஒரு கோல்ஃப் பந்து எந்த மூலைக்கு.

"தண்ணியில விட்டுட்டாம்பா" என்றாள்.

"ஒண்ணா?"

"ரெண்டு பந்து."

ஓடெல் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே கடலை இருந்தால் கொஞ்சம் கொண்டுவா என்றார். ஒரு கிண்ணம் கடலை வந்தது. தோலை உரித்து உரித்து ஜன்னல் வழியாகப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆசை மறுபடி முளைத்துவிடக் கூடாதே. பதின்மூன்றில் மரத்துக்குள் அடித்துவிட்டான் என்றாள். பதினைந்தில் மட்டையை முழங்காலில் வைத்து உடைத்துவிட்டான் என்றாள். பதினாறில் அழுகிறான் என்றாள். பதினேழில் அவன் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்றாள். கொஞ்சம் கூடிப்போயிற்றுதான். ஓடெல் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார்.

உள்ளே, கடைசிக் குழியில் ஸ்டாடர்ட் பந்தை மெதுவாகத் தட்டினான். அது குழியின் விளிம்பில் ஒரு தடவை யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. டயர் கடையில் யாரும் அசையவில்லை. பாதிரியாருடைய ஆள் இரண்டாவது. ஆண்டவரின் சித்தத்தை அவர் தொப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்லா பின்பக்கம் ஓடினாள். லாரிக்கு அருகே வந்ததும் நின்றுவிட்டாள். ஓடெல் ஐஸ் டீ டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைத் தலையில் தடவி, பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். சீட்டுக்குப் பின்னால் தொங்கிய நல்ல சட்டை உடம்புக்கு வந்திருந்தது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஜெயிச்சுட்டானா?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

"உங்க மாமன் கடையில பதினஞ்சு பேராவது இருப்பான்" என்றார் ஓடெல், வகிடெடுப்பதை நிறுத்தாமல். "என் ஆளு தண்ணியில விட்டிருந்தா அத்தனை பேரும் கூரையைப் பேர்த்திருப்பானுங்க. எனக்குக் கேட்டதெல்லாம் எழவு வீட்டு மூச்சு. பன்னெண்டுல ஒரு தடவை, பதிமூணுல ஒரு தடவை. அவன் அழுதான்னு நீ சொன்னப்போ உள்ள உங்க மாமன்தான் அழுதுட்டிருந்தான்."

"அப்போ ஆசைப்படாம இருந்தது?"

"எங்க இருந்தேன்? முழு நேரமும் ஆசைப்பட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவ்வளவு பாடுபட்டு எனக்காகப் பொய் சொல்லிட்டிருந்தே. நடுவுல நிறுத்த மனசு வரல. அவன் அம்மா வந்தாங்க பாரு, அங்கதான் சிரிப்பை அடக்க முடியாம கடலையை வாயில போட்டுக்கிட்டேன்."

அன்றைக்கே பெயரை எழுதினார்கள். வெர்லின்தான் எழுதினான். நாய்க்குக் கீழே, இருந்த இடம் சரியாகப் போதுமானதாக இருந்தது. ஓடெல் கட்டைவிரலை வைத்துச் சரிபார்த்தார். பெயின்ட் காயாததால் கட்டைவிரலும் வெள்ளையாயிற்று. அதைக் கழுவ அவருக்கு மூன்று நாள் நேரம் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு நஷ்டம். அடுத்த ஏப்ரலில் அவருக்குப் பயப்பட ஆளில்லை. மீன் வரவில்லை, பை வரவில்லை. அவர் கை தூக்கினால் மற்றவர்களும் அதே ஆளைக் கேட்டு விலையை ஏற்றினார்கள். முள்கரண்டி சட்டைப் பையிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஃபேய் அடுப்பைப் பற்றவைத்தபடி, இதற்கு நீ தோற்றே இருக்கலாம் என்றாள்.

இதுவரை எழுதியதை ஓடெல் சாப்பாட்டு மேசையில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடசைத்துப் படித்தார். சிலையின் கையில் ஐஸ் டீ வேண்டாம், முள்கரண்டி இருக்கட்டும் என்றார். பிறகு பக்கத்தைப் பின்னால் திருப்பி ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"அடக்கமான, இரக்க குணமுள்ள, லட்சணமான பொண்ணு. யாரு இது? இந்த வீட்டுல நான் பார்த்ததே இல்லையே."

விரல் இரண்டு வரி மேலே போயிற்று.

"அந்தப் பேச்சைக் கிளப்பினது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலைன்னு போட்டிருக்கு. எழுதினவங்களுக்குக்கூடவா தெரியல?"

ஓடெல் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"சரி, போய் கொஞ்சம் கடலை எடுத்துட்டு வா, மார்லா."