பக்கத்து நாற்காலி மார்லிஸ்

மார்லிஸ் ஹௌகன் வாழ்நாளில் எந்தப் பரிசும் வாங்கியவள் அல்ல. பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையின் வாசலில் கிழங்கு லாரிகளை எடை போட்டுச் சீட்டு எழுதுவது அவள் வேலை. அதற்கு மேல் அவள் செய்தது ஒன்றுதான். படிப்பில் வகுப்பையே தாண்டி ஓடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கப் பயந்தபோது, கூடப் போய் அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு குடும்பங்களுக்காக உட்கார்ந்தாள். அதில் எங்கள் குடும்பமும் ஒன்று.

எல்லாம் அவள் மகள் சோல்வேயால் ஆரம்பித்தது. முதல் வகுப்பில் சேரும் முன்பே அப்பாவின் டிராக்டர் கையேட்டைக் கடகடவென்று வாசித்த குழந்தை அது. வகுப்பில் கொடுத்த கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். மீதி நேரத்துக்கு ஆசிரியை கண்டுபிடித்த வைத்தியம், மற்றப் பிள்ளைகளுக்குத் தாள் கொடுப்பதும் பென்சில் சீவுவதும். இரண்டு வருடம் சோல்வே சம்பளமில்லாத ஆயாவாக இருந்தாள். மூன்றாம் வருடம் தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுதாள். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் என்று சிரித்து அனுப்பிவிட்டார் தலைமை ஆசிரியர்.

அறுபது மைல் தள்ளியிருக்கும் நகரத்தில் இப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒரு சங்கம் இருப்பதாக நூலகத்துப் பெண் சொல்லி, மார்லிஸ் ஆலையிலிருந்தே போன் செய்தாள். எடுத்த பெண்மணி குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “நீங்க ராத்திரி தூங்குறீங்களாம்மா?” என்றுதான் கேட்டாளாம். வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் பார்க்க, எடை மேடை அறையில் மார்லிஸ் அழுதாள்.

அந்த வசந்த காலத்திலேயே எங்கள் ஊர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சங்கம் தொடங்கினாள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை கூட்டம். பக்கத்து அறையில் குடியை விட்டவர்களின் கூட்டம் அதே நேரத்தில் நடக்கும். எங்களில் ஹார்லன் என்பவர், தான் அந்த அறைக்குத்தான் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். மகன் அதிபுத்திசாலி என்று தெரிவதைவிடத் தான் குடிகாரன் என்று பெயரெடுப்பது அவருக்கு மானக்கேடாகத் தோன்றவில்லை.

எங்கள் ஊர் அப்படி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இங்கே காக்கை தன் குஞ்சைப் பற்றி நாலு பேர் முன்னால் பேச நேர்ந்தால், “ஏதோ இருக்கு, பரவாயில்லை” என்றுதான் சொல்லும். பாட்டன் முப்பாட்டன் நார்வேயிலிருந்து கப்பலேறியபோது மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்த பழக்கம் இது. சொந்தப் பிள்ளையைப் புகழ்ந்தவர்களைப் பற்றி எங்கள் அம்மாக்கள் ஒரு வருடம் பேசுவார்கள்.

மார்லிஸுக்கு இது தெரியும். அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் எங்களுக்குப் பயிற்சி வைப்பாள். ஒவ்வொருவரும் தன் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் முகம் சிவந்து போகும். ஹார்லன் எட்டு மாதம் “பரவாயில்ல” என்ற சொல்லைத் தாண்டவே இல்லை. “இந்த அறைக்குள்ளயாவது சொல்லிப் பழகுங்க. பசிக்குதுன்னு வாயத் திறந்து சொல்லாதவனுக்கு எவன் சோறு போடுவான்?” என்று மார்லிஸ் சண்டை பிடிப்பாள்.

மூன்று தலைமை ஆசிரியர்களோடு மல்லுக்கட்டி அவள் ஒரு வகுப்பை வாங்கித் தந்தாள். பழைய சாமான் அறை, வாரத்துக்கு இரண்டு நாள், ரெனாட்டா என்ற ஆசிரியை, ஒன்பது பிள்ளைகள். அவ்வளவுதான். மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என் மகன் வெண்டல் வெளியே வந்தான். சோல்வேயின் வயிற்றுவலி நின்றது.

இரண்டு வருடம் கழித்து ஒரு மார்ச் மாதம், பள்ளி நிர்வாகக் குழுவுக்குப் பணம் போதவில்லை. ரெனாட்டாவின் வகுப்பு, எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளுக்கு உதவும் ஆசிரியை, இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்க முடியும் என்றார்கள். பெற்றோர் வந்து பேசலாம் என்று நாள் குறித்தார்கள். ஐந்து வாரம் மார்லிஸ் எங்களைப் பேசவைத்துப் பழக்கினாள். கணவன் ஆலை வேலைக்குப் போய்விட்டதால் கூட்டத்துக்குச் சோல்வேயையும் கூட்டி வந்து கடைசி வரிசையில் உட்காரவைத்தாள்.

முதலில், திணறும் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பேசியவள் லவான். எட்டு வயது மகனுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது என்று சொல்லி அழுதாள். அவளுக்குப் பின்னால் எழுந்து என் மகன் உங்கள் பிள்ளைகளைவிட வேகம் என்று எந்த வாயால் சொல்வது? “எங்க பையன் நல்லாத்தான் இருக்கான். எங்க போட்டாலும் பொழச்சுக்குவான்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஹார்லன் எழுந்து, பரவாயில்லை என்றார்.

கடைசியாக மார்லிஸ். கையில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள். குழுத் தலைவர் கேலன் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர், கெட்ட மனிதர் அல்ல. “மார்லிஸ், சுத்தி வளைக்காம சொல்லு. இந்த வகுப்பு இல்லேன்னா உன் பொண்ணு என்ன ஆவா?” என்று கேட்டார்.

மார்லிஸ் லவானைப் பார்த்தாள். தாள்களை மடித்தாள்.

“அவ ஒண்ணும் தனிப்பிறவி இல்ல, கேலன். சாதாரணப் பொண்ணுதான். சமாளிச்சுக்குவா.”

நாங்கள் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பினார்கள். ரெனாட்டாவின் வகுப்பை மூடக் குழுவில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. லவானின் மகனுக்கு ஆசிரியை நிலைத்தாள். அதில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் இன்றுவரை கடையில் லவானைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அன்று திரும்பிப் பார்த்தபோது சோல்வே அழவில்லை. குளிர்கோட்டுக்குக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, புறப்படத் தயாராக நின்றாள்.

காரில் போகும்போது, நாலு பேர் முன்னால் மரியாதைக்குச் சொன்னது அது என்று மார்லிஸ் விளக்கினாளாம். சரிம்மா என்றாளாம் அவள். புத்திசாலிப் பெண், புரிந்துகொண்டிருப்பாள் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். புத்திசாலி என்றாலும் பதினோரு வயதுதான் என்பதை, எவ்வளவு கெட்டிக்காரியானாலும் குழந்தை குழந்தைதான் என்று எல்லாப் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொன்ன நாங்கள், மறந்துவிட்டோம்.

வயிற்றுவலி திரும்ப வரவில்லை. அதுதான் மார்லிஸை ஏமாற்றியது. சோல்வே மறுபடி பென்சில் சீவினாள். கணக்கை எல்லோருக்கும் கடைசியில் முடித்தாள். மதிப்பெண் நடுவாந்தரத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது.

மார்லிஸ் ஒரு வருடம் அலைந்தாள். அறுபது மைல் போய், அந்த நகரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருக்கும் பள்ளியின் படியேறினாள். கூட வருகிறாயா என்று ஒரு தடவை என்னைக் கேட்டாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அன்று எனக்கு வேலை இல்லை. தனியாகப் போய்ப் பேசி, வெளியூர்ப் பிள்ளை என்றாலும் சோல்வேக்கு ஓர் இடம் வாங்கிவிட்டாள். அவள் வாங்கியதிலேயே பெரியது அதுதான்.

கடிதம் வந்த அன்று நான் அவள் வீட்டில் இருந்தேன். சமையலறை மேசையில் அதை வைத்தாள். சோல்வே நின்றபடி வாசித்தாள், பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் போட்டாள்.

“இது கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்கும்மா. அந்த இடத்த வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விருந்தில் கடைசித் துண்டு கேக்கை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோமே, அந்தக் குரலில் சொன்னாள்.

மார்லிஸ் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். “நீதான்டி கெட்டிக்காரி. இந்த ஊர்ல உன்ன மாதிரி ஒருத்தரும் இல்ல” என்றாள்.

சோல்வே என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஆர்டிஸ் ஆன்ட்டி மட்டும்தானே இருக்காங்க. அதான் சொல்ற” என்றாள்.

மார்லிஸ் அவள் தோளிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டாள். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை மார்லிஸ், வேண்டாம் என்று எழுதிப் போட்டாள்.