போகி வரைக்கும் ஒரு பூனைக்குட்டி

பிராணி ஆஸ்பத்திரியில சீட்டு எழுதற வேலைன்னா, கடிக்கறது பிராணி, உயிரை எடுக்கறது அதைத் தூக்கிட்டு வர்றவங்க.

திருவொற்றியூர்ல டாக்டரம்மா கிளினிக்ல முன்மேசை என்னுது. சீட்டு எழுதறது, எடை பார்க்கறது, ஊசி போடறப்போ காலைப் பிடிச்சுக்கறது எல்லாம் நான்தான். வீட்டுக்குப் புதுசா வந்த பூனைக்குட்டி தூங்கினா "ஏன் தூங்குது"ன்னும், ஓடினா "ஏன் ஓடுது"ன்னும் பதறி, மூக்குக்கிட்ட விரல் வச்சு மூச்சு வருதான்னு பார்த்த ஆளா நீங்க? அப்ப நீங்க நம்ம கட்சி. டில்லிபாபுவோட கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

ஆக்ஸில் மேல கிடைச்சது

டில்லிபாபு எண்ணூர் துறைமுகத்துக்கு டிரைலர் ஓட்டறவர், வீடு எர்ணாவூர்ல. உள்ள விடறதுக்கு லைன்ல நின்னா வண்டி லேசுல நகராது. டிரைவருங்க வண்டிக்குப் பக்கத்துலயே சோறாக்கி, துணி துவைச்சு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்துடுவாங்க. அப்படி நின்னப்போ வண்டிக்கு அடியில ஆக்ஸில் மேல ஒரு குட்டி உக்காந்திருந்துச்சாம். சாம்பல் கலர், மேலெல்லாம் கிரீஸ் பிசுக்கு. அங்கயே "சிமெண்ட்டு"ன்னு பேரும் வச்சு, துண்டுல சுத்தி நேரா எங்ககிட்ட வந்துட்டார்.

கண்ணு நல்லாருக்கு, காது நல்லாருக்கு, ஆளு மட்டும் எலும்பு. "ரொம்பச் சின்னது, பனிக்காலம் வேற, இப்போதைக்குக் குளிப்பாட்டவே கூடாது"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவர் முகம் தொங்கிப்போச்சு. வீட்டுக்காரம்மா கோமதி வாசப்படியைக்கூட தினம் ரெண்டு வாட்டி கழுவற ஆளாம். மனுஷன் துண்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எங்கிட்ட சொன்னார்: "போன்ல சொன்னதுக்கு, போகி வரிக்கும் டைம் குட்த்துகீறா யக்கா. அதுக்குள்ள இது சுத்தமா, சுறுசுறுப்பா, பூனை மாதிரி ஆவலன்னா, பழசோட பழசா வெளிய பூடுமாம்!"

துடைக்கத் துடைக்க அழுக்கு

கொஞ்ச நாள் கழிச்சு வந்தார். "நக்கிக்கவே மாட்டேங்குது யக்கா"ன்னார். பூனைன்னா பாதி நாள் தன் உடம்பை நக்கிச் சுத்தம் பண்றதுலயே போயிடும். சிமெண்ட்டுக்கு அந்த நினைப்பே இல்லை. உக்காந்த இடமெல்லாம் கறை. கோமதி பக்கெட்டும் கையுமா அது பின்னாடியே அலையறாங்களாம்.

"தாய் நக்கிக் காட்டினாத்தான் குட்டி கத்துக்கும். இதுக்குத் தாய் இல்லையே! துணியை வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்சு, நாக்கால இழுக்கற மாதிரி முதுகுல இழுத்து விடுங்க"ன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பினாங்க. அடுத்த வாரம் பார்த்தா குட்டி இன்னும் கறுத்துப்போய் வருது. எந்தத் துணிய்யா அதுன்னு கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். டிரைலர் கண்ணாடி துடைக்கற துணி! அடப்பாவி மனுஷா, டீசல் துணியை எடுக்காம விட்டியே, அதுவரைக்கும் பிழைச்சுது. டாக்டரம்மா வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. அவர் எங்கிட்ட திரும்பி முணுமுணுத்தார்: "இதுல தொடச்சி அம்மாம் பெரிய வண்டியே பளபளன்னு கீது, இத்தினியூண்டு பூனை அழுக்கு போவாதா?"

கரண்டு போனா ஓட்டம்

அடுத்த பேஜாரு தூக்கம். சாப்பிடுது, போய்ப் படுத்துக்குது. பந்து உருட்டினா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துட்டு மூடிக்குது. "இன்னாய்யா, பொம்மைய எட்த்தாந்துகீறியா?"ன்னு கோமதி கேட்டுட்டாங்களாம். போன்ல அவர் குரலே உடைஞ்சிருந்துச்சு. குட்டின்னா பாதி நாளுக்கு மேல தூங்கத்தான் செய்யும், சாப்பிடற வரைக்கும் பயமில்லைன்னு டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். எங்க படுக்குதுன்னும் கேட்டேன். ஸ்டெபிலைசர் மேலயாம். வண்டிக்கு அடியில வளர்ந்த ஜென்மம், சூடும் உறுமலும் இருந்தாத்தான் தூக்கம் வரும்போல.

ரெண்டு நாள்ல திரும்பவும் போன், இந்தத் தடவை ஒரே கும்மாளம். அவங்க தெருவுல கரண்டு போயிருக்கு. ஸ்டெபிலைசர் ஆறினதும் சிமெண்ட்டு எழுந்து, கட்டில்மேல ஏறி, கொடித்துணியில தொங்கி, கோமதி ஜடையைப் பிடிச்சு இழுத்து, வீட்டையே ரெண்டு பண்ணிடுச்சாம். கரண்டு வந்ததும் பழையபடி மேல ஏறித் தூங்கிடுச்சு. டில்லிபாபு ரொம்ப சீரியஸா கேட்டார்: "அப்பப்போ மெயின ஆஃப் பண்ணி வுடலாமா யக்கா, ஒடம்புக்கு நல்லதா?"

எனக்கே வந்த வியாதி

அப்புறம் அவர் ஓசூர் லோடு எடுத்துட்டுப் போயிட்டார், போனும் நின்னுபோச்சு. எனக்கு வேலையே ஓடலை. பல்லைக் காட்டற நாயைப் பிடிச்சுக்கிட்டே, குட்டி நக்கிக்க ஆரம்பிச்சுதா, கோமதி தனியா இருக்கறப்போ என்ன பண்றாங்களோன்னு யோசிப்பேன். போகி கிட்ட வருதேன்னு கேலண்டரை வேற பார்த்துப் பார்த்துப் புலம்பிட்டேன் போலிருக்கு. டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு சொன்னாங்க: "அந்தப் பூனை நல்லாத்தான் இருக்கும். ஊசி போடறதுன்னா முதல்ல உனக்குத்தான் போடணும்."

கூடையோட வந்த கோமதி

போகிக்கு முதல் நாள். கையில பிளாஸ்டிக் கூடை, மேல துணி மூடி, ஒரு பொம்பளை வேகமா வந்தாங்க. "எர்ணாவூரு கோமதி"ன்னாங்க. சரிதான், புருஷன் ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து விட்டுட்டுப் போக வந்துட்டாங்கன்னு நினைச்சேன். நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுடணும்னு வாயைத் திறக்கறேன், அந்தம்மா கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

துணியை விலக்கினா உள்ள சிமெண்ட்டு. காலு வெள்ளை, வயிறு வெள்ளை, முதுகுல திட்டுத் திட்டா வெள்ளை. உச்சந்தலை மட்டும் ஹெல்மெட் போட்ட மாதிரி சாம்பல். பக்கத்து வீட்டுல ஏதோ தோல் வியாதின்னு சொல்லிட்டாங்களாம். கோமதி டாக்டரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நாந்தான் டாக்டர் இப்டி பண்ட்டேன். அந்தாளுக்குத் தெரியாம தெனம் என் பழைய பொடவைல தொடச்சி வுடுவேன். அதுவும் நான் தொடைக்கறதப் பாத்து நக்கிக்க ஆரம்பிச்சுச்சு. அழுக்கு போவட்டும்னு தொடச்சேன், கலரே பூடுச்சி. பூனைய இன்னாடி பண்ணேன்னு அந்தாளு வந்து கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?"

டாக்டரம்மா கூடையைக் கிட்ட இழுத்தாங்க. பஞ்சை நனைச்சு உச்சந்தலையில நல்லா அழுத்தித் துடைச்சாங்க. பஞ்சு சாம்பலாச்சு, தலை வெள்ளையாச்சு. "வியாதியும் இல்லை, மண்ணும் இல்லைம்மா. இது பொறக்கும்போதே வெள்ளை. கிரீஸ்ல ஒட்டியிருந்தது மொத்தம் எண்ணூர் அனல்மின் நிலையத்துலேர்ந்து பறக்கற சாம்பல். அதால நக்க முடியாத இடத்துல மட்டும் மிச்சம் இருக்கு." நானும்தானே முதல் நாள் தூக்கி எடை போட்டேன்! டாக்டரம்மாவும்தானே பார்த்தாங்க! மூணு பேரும் சிரிச்ச சிரிப்புல கூடைக்குள்ள இருந்தது பயந்து கோமதி முந்தானைக்குள்ள பூந்துக்கிச்சு.

டில்லிபாபுவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல விஷயத்தைச் சொன்னோம். மனுஷன் வண்டியை ஓரங்கட்டற சத்தம் கேட்டுது. அப்புறம், "பேர மாத்தாதீங்க, வெள்ள சிமெண்ட்டும் விக்கறானுங்கல்ல"ன்னார்.

எனக்குத்தான் மனசு ஆறலை. "அப்ப நாளைக்கு போகி..."ன்னு மெதுவா இழுத்தேன். கோமதி கூடையை இடுப்புல ஏத்திக்கிட்டு என்னை முறைச்சாங்க: "அய்ய, இன்னாக்கா பேசற நீ? எங்க ஏரியால வெள்ளத் துணியவே வெளிய காயப்போட மாட்டோம், இந்த வெள்ளைய நான் வெளிய வுடுவேனா?"

அன்னியிலிருந்து எண்ணூர் பக்கத்துப் பூனை எது வந்தாலும், துடைச்சுப் பார்க்காம நான் சீட்டுல கலர் எழுதறதே இல்லை.