ஒரே மாதத்துப் பிள்ளைகள்

என் மகளும் என் ஓரகத்தியின் மகனும் ஒரே தை மாதத்தில் பிறந்தவர்கள். அவன் மாத ஆரம்பத்தில், இவள் மாதக் கடைசியில். இரண்டு பேருமே அந்தந்த வீட்டுக்குத் தலைப்பிள்ளை. அதனால் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுத்த வாக்கியம் மற்றதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

பழனி அடிவாரத்தில் என் மாமனார் குடும்பத்துக்குத் தேங்காய், பழம், பூசைச் சாமான் விற்கும் கடை இருந்தது. கீழே கடை, மேலே மரப்பலகை பாவிய மச்சில் குடித்தனம். மாமனார் காலமான பிறகு மூத்த மகன் கடையைப் பார்த்துக்கொண்டார். அவரை நான் பெரியத்தான் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். இளையவரான என் கணவருக்குக் கொடைக்கானல் தபாலாபீசில் குமாஸ்தா வேலை. பிரசவத்துக்காக ஒட்டன்சத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நான், ஐந்தாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறினேன். வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்து வளைவுக்கு வளைவு நான் வாந்தியெடுத்தேன். அவள் கடைசிவரை தூங்கிக்கொண்டே வந்தாள்.

கீழே இருந்தபோது அவள் ஒருக்களித்துப் படுக்கத் தொடங்கியிருந்தாள். இன்னும் ஒரு வாரத்தில் குப்புற விழுந்துவிடுவாள் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். மேலே வந்ததும் அது அப்படியே நின்றுபோயிற்று. ஆனி மாதக் குளிர். நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் தரை எப்போதும் ஈரம் மாதிரி சில்லென்றிருக்கும். பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமோ என்ற பயத்தில் சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், காலுறை, காதை மூடிக் குல்லா, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்பளி. முகம் மட்டும் வெளியே தெரியும். தொட்டிலில் போட்டால் போட்டபடியே கிடப்பாள்.

பெரியத்தான் மாதத்துக்கு ஒருதரம் பண்ணைக்காட்டுப் பக்கம் மலைவாழைப் பழம் பிடிக்க வருவார். வந்தால் அப்படியே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கும் வந்து ஒருவேளை சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார். அவருக்கு மகன் மேல் கொள்ளை ஆசை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"பய குப்புற விழுந்துட்டான்மா! ஒங்க அத்தை கொழுக்கட்டை அவிச்சுத் தெருவுக்கே குடுத்துட்டாங்க. நம்ம தாயி என்ன பண்ணுறா?"

"ஒருக்களிக்கிறா அத்தான்."

"அதுக்கென்ன, குளிருல்ல. மெதுவாப் பண்ணட்டும்."

அடுத்த மாதம் வந்தபோது பையன் வயிற்றால் நீந்திக் கடைவாசல் வரை போய்விட்டானாம். அவர் போட்டிக்காகச் சொல்லவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் போன பிறகு நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இடுப்பில் ஏதாவது கோளாறா, முதுகில் பலம் இல்லையா என்று எதையெதையோ நினைப்பேன். கணவரிடம் சொன்னால், "தபால் மாதிரி எல்லாம் ஒரே நாள்ல வந்து சேரணுமா?" என்று சிரிப்பார்.

ஒரு நாள் குளிப்பாட்டுவதற்காக அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் துணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வெந்நீர் இன்னும் காயவில்லை. அடுப்படி வெதுவெதுப்பாக இருந்ததால் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அவளை வெறும் உடம்போடு கிடத்தினேன். கிடத்தியதுதான் தாமதம், இரண்டு காலையும் தூக்கி உதைத்தாள். இன்னொரு உதை. பக்கவாட்டில் சாய்ந்தாள், கை அடியில் மாட்டிக்கொண்டது, முனகினாள், பிறகு சட்டென்று கவிழ்ந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. இத்தனை நாளாக நான்தான் அவளைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தேன் போலிருக்கிறது. அதிலிருந்து தினமும் அடுப்படியில் ஒரு பொழுது அவளை அவிழ்த்துவிடுவேன். தவழ்ந்தாள், உட்கார்ந்தாள், எல்லாம் தாமதமாக, ஆனால் ஒவ்வொன்றாக வந்தது. பேச்சு மட்டும் வெரசாக வந்துவிட்டது. காக்கா, பூ, பால் என்று நாள் முழுக்கச் சளசளப்பு.

பங்குனி உத்திரத்துக்குப் பழனி போனபோது பிள்ளைகளுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. அக்கா மகன் நடக்கவில்லை, ஓடினான். கொழுகொழுவென்று, சுருள்முடியோடு, பார்த்தவர் தூக்காமல் போக முடியாத பிள்ளை. என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அவனை வேடிக்கை பார்த்தாள். மாமியார் அவள் காலை நீவிவிட்டபடி, "இவ வாயால நடக்கா, அவன் காலால பேசுறான். ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு தாமசமாத்தான் வரும்" என்றார்.

மறுநாள் மத்தியானம் காவடிக் கூட்டம் ஒன்று எங்கள் தெரு வழியாகப் போனது. மேளச்சத்தம் தூரத்தில் கேட்டதுமே என் மகள் ஜன்னலைக் காட்டி, "டம் டம்" என்றாள். வீட்டுக்கு நேர் கீழே வந்ததும் யாரோ அதிர்வேட்டைப் போட்டார்கள். பாத்திரங்கள் ஒலிக்கும்படியான வெடி. மகள் அலறிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. ஜன்னலோரத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அக்கா மகனிடம் ஓடினேன். அவன் இமைகூட அசையவில்லை. இரண்டாவது வெடிக்கும் அப்படியே.

அலைச்சலில் அசந்து தூங்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதன் பிறகு என் கண் அவனை விட்டு அகலவில்லை. கீழே கடையில் பெரியத்தான் தேங்காய் உடைத்தபோது முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவன் திரும்பவில்லை. "ஏலே ராசா" என்று வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. மேலே மச்சில் மட்டும் அக்கா கூப்பிட்டால் உடனே திரும்பினான். அது எனக்குப் புரியவே இல்லை.

கணவரிடம் சொன்னேன். "நீ சொன்னா எப்படி எடுத்துப்பாங்கன்னு யோசிச்சியா? நம்ம பிள்ளை இன்னும் நடக்கல. பொறாமையில சொல்லுறான்னு ஆயிரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமலே மலையேறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

எனக்கு அந்தச் சங்கடத்தை வைக்காமல் அக்காவே வந்தாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் நான் கொல்லையில் ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து குந்தி, மாவைத் தள்ளிவிட்டபடியே, தலை நிமிராமல் கேட்டாள்.

"நீ பாத்துட்டேல்ல?"

நான் கையை நிறுத்தினேன்.

"நிறுத்தாத, ஆட்டு. அத்தை வந்துருவாங்க." மாவை இன்னொருமுறை தள்ளினாள். "எனக்குத் தெரியும்டி. அவன் ஆறு மாசமா இருக்கையிலேயே தெரியும். தாலாட்டு பாடினா என் வாயத்தான் பாப்பான். வெளக்க அணைச்சுட்டுப் பாடினா அழுவான்."

"மச்சுல நீங்க கூப்பிட்டாத் திரும்புறானே அக்கா?"

"கூப்பிடுறதுக்கு முன்னாடி கால ஓங்கி ஒரு மிதி மிதிப்பேன். பலகை அதிரும்ல. அதுக்குத் திரும்புறான். எல்லாரும் காது கேக்குன்னு நெனச்சுக்கிறாங்க." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "வாய் விட்டுச் சொல்லிட்டா நெசமாயிருமோன்னு பயந்துட்டே கெடக்கேன். நீ இன்னைக்கி என்கூட இரு. அவுகளுக்குச் சொல்லிருவோம்."

மத்தியானம் கடையை மூடிவிட்டுப் பெரியத்தான் சாப்பிட மேலே வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்வரை அக்கா பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். "யாருக்கு? இவனுக்கா? கிறுக்கச்சி" என்றார். அப்புறம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விறுவிறுவென்று கீழே இறங்கிப்போய்க் கடையில் விற்பனைக்குத் தொங்கிய வெண்கலப் பூசைமணிகளில் பெரியதாக ஒன்றை எடுத்து வந்தார்.

பையன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஒரு தேங்காய்ச் சிரட்டையை உருட்டிக்கொண்டிருந்தான். அவர் அவனை நோக்கி நடந்தார்.

"நடக்காதீங்க. நின்ன எடத்துலருந்தே அடிங்க" என்றாள் அக்கா.

அடித்தார். அந்தச் சின்ன மச்சில் மணியோசை காதைத் துளைத்தது. பையன் சிரட்டையை உருட்டினான். இன்னும் வேகமாக அடித்தார், நிறுத்தாமல் அடித்தார். என் மகள் இடுப்பிலிருந்து துள்ளி, கையைத் தட்டி, "சாமி! சாமி!" என்று கத்தினாள். அவளை அப்படியே கீழே தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் போலிருந்தது, ஆனால் அக்கா என்னைக் கூட இருக்கச் சொல்லியிருந்தாள். பெரியத்தான் மணியின் நாக்கைக் கையால் பிடித்து ஓசையை நிறுத்தினார். சுவரோரமாக உட்கார்ந்தார். பையன் தற்செயலாகத் திரும்பியவன் அப்பாவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து அவர் மடியில் விழுந்தான். அவர் அவன் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறவியிலேயே காது கேட்கவில்லை, மருந்தில் சரியாகிற காரியமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தத்தில் கட்டினீர்களா என்றும் கேட்டாராம். அக்கா என் மாமியாருக்கு உடன்பிறந்த தம்பி மகள். அதுவரை கிரகணத்தன்று இவள் வெளியே நின்றாள், அதனால்தான் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த மாமியார் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலையேறிக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

சித்திரையில் அக்காவை எங்கள் வீட்டுக்கு வரச்சொன்னேன். கீழே கடைக்கு வருகிறவர்களெல்லாம் விசாரித்து விசாரித்து அவளைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். கொடைக்கானலில் அது சீசன் காலம். தெருவெல்லாம் வெளியூர்க்காரர்கள், யாருக்கும் எங்களைத் தெரியாது. அவள் இரண்டு மாதம் இருந்தாள். பகலில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை வரை போவோம். என் மகள் அந்த நாட்களில்தான் நடந்தாள். அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, அவன் போன இடத்துக்கெல்லாம் தள்ளாடித் தள்ளாடி.

முதலில் அக்காவுக்கு அவன் எதைச் செய்தாலும் துக்கமாகத்தான் இருந்தது. ஒரு நாள் நான் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது அவன் என் முந்தானையை இழுத்து, பெருவிரலை வாயில் வைத்துக் கவிழ்த்துக் காட்டினான். டம்ளரைக் கொடுத்தேன், வாங்கிக் குடித்தான்.

"அக்கா, இதை யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. அவனாப் பண்ணுறான்." சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். "இது பேச்சுதானேடி?"

"பின்னே என்ன?"

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளே அரைப்படி அரிசியை இடித்துக் கொழுக்கட்டை பிடித்தாள். அதற்குப் பிறகு அவன் கைகள் சொன்னதையெல்லாம் என்னிடம் வந்து சொல்லிக்கொண்டிருப்பாள். மழைக்கு விரல்களை உதறுவான், பஸ்ஸுக்கு வயிற்றில் கை வைத்துக் குலுங்குவான், என்னைச் சொல்லத் தன் மூக்கில் மூக்குத்தி இடத்தைத் தொடுவான். என் மகள் அவனைவிட வேகமாக அதையெல்லாம் கற்றுக்கொண்டாள். இரண்டும் சண்டை போட்டால்கூட வீடு அமைதியாகத்தான் இருக்கும்.

சில வருஷம் கழித்து எனக்கு மகன் பிறந்தான். பிறந்த மறுநாளே அவன் தலைமாட்டில் நின்று கையைத் தட்டிப் பார்த்தேன். திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் இருந்தது. பிள்ளை பிறந்த தீட்டுக் கழிக்கும் புண்ணிய தானத்துக்கு வந்தவள், யாரும் பார்க்காதபோது அவளே தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "நல்லாக் கேக்கு" என்று சிரித்தாள்.

அக்கா மகனுக்கு ஆறு வயதானபோது காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்று தெற்கே இருப்பது தெரிந்து, விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெரியத்தானுக்கு மனசே இல்லை. அக்காதான் பிடிவாதமாக நின்றாள். விட்டுவிட்டு வந்தவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். அங்கே கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, ஆசிரியையின் தொண்டையில் விரலை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பேச்சு கற்றுக்கொடுப்பார்களாம்.

இரண்டாவது கோடை விடுமுறைக்கு அவன் வந்தபோது நானும் பிள்ளைகளோடு பழனியில் இருந்தேன். பெரியத்தான் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தார். நல்ல உயரம் வளர்ந்திருந்தான், முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தெருமுனையில் வரும்போதே அக்கா கடைவாசலுக்கு வந்துவிட்டாள். அவளைக் கண்டதும் அவன் அப்படியே நின்றான். தன் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, பிறகு திறந்தான்.

"ம்ம்...பா!"

எருமை கத்துவது போல் கனத்த, மேடுபள்ளமான குரல். பூக்கடைக்காரர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். மொட்டை போட்டுக்கொண்டு வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று ஒதுங்கி நின்றது. அவன் சரியாக வரவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி விரலை வைத்தான். "ம்ம்மா! ம்மா! ம்மா!"

மாமியாருக்கு எல்லாரும் பார்ப்பது கூச்சமாக இருந்தது. "கொஞ்சம் மெதுவாச் சொல்லச் சொல்லுத்தா. தெருவே திரும்பிப் பாக்குது."

"கத்தட்டும் அத்தே" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனாள். அவன் அவள் வந்து சேரும்வரை கத்திக்கொண்டே இருந்தான்.